பதில் எழுதப்படாத கவிதைகள்
சிவரமணியை மீள வாசித்தல்

சிவரமணியைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் பல ஒரே இடத்திலிருந்து தொடங்குவதைக் காணலாம். 1991 மே 19. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. வயது 22. தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இத்தகவல்கள் முதலில் சொல்லப்படுகின்றன. அதன் பிறகுதான் கவிதைகள் வருகின்றன. ஆகவே வாசகன் முதல் அடியைப் படிக்கும்போதே முடிவை அறிந்தவனாக இருக்கிறான். இருட்டு என்று ஒரு சொல் வந்தால் அது முன்னறிவிப்பாகிறது. களைப்பு என்று ஒரு சொல் வந்தால் அது சாட்சியமாகிறது. கவிதைத் தொகுதி முழுவதும் ஒரு மரணக் குறிப்பின் நீண்ட வடிவம் போல ஆகிவிடுகிறது.

நானும் நெடுங்காலம் அப்படித்தான் வாசித்தேன். அந்த வாசிப்பு பிழையானது என்று இன்று கருதுகிறேன். அப்படிக் கருத வைத்தது எந்தக் கோட்பாட்டு நூலுமல்ல. என்னிடம் வந்த ஒரு மாணவனின் கவிதையும் அதற்கு நான் எழுதிய பதிலும்தான். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் பிரதிக்கு வருவோம். சிவரமணி 1968இல் பிறந்தவர். பாடசாலைக் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டவர். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் பத்துப் பெண்களின் கவிதைகள் இடம்பெற்றன. அவர்களுள் ஒருவராகச் சிவரமணி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறைந்திருந்ததா என்பது ஐயமே. அதே தொகுப்பில் மசூறா ஏ. மஜீட் என்ற நமது பெண் ஒருவரின் குரலும் இருந்தது. நாம் அடிக்கடி மறந்துவிடும் தகவல் இது. பெண் எழுத்து என்ற அந்த முதற் கூட்டு முயற்சியில் தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே அட்டைக்குள் இருந்தார்கள்.

சிவரமணி இறந்த பின், 1993இல், சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு ‘சிவரமணி கவிதைகள்’ வெளிவந்தது. அதிலுள்ளவை இருபத்துச் சொச்சம் கவிதைகள். முன்பே அச்சேறியிருந்ததாலும் நண்பர்களின் கையில் இருந்ததாலும் தீக்குத் தப்பியவை அவை. வேறு விதமாகச் சொன்னால், அவர் யாருக்கோ கொடுத்திருந்த கவிதைகள் மாத்திரமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. யாருக்கும் கொடுக்காமல் தன்னிடமே வைத்திருந்தவை போய்விட்டன. இந்த எளிய உண்மைக்கு விமர்சனத்தில் உரிய இடம் தரப்படவில்லை. எஞ்சியவை ஒரு தனிமனுஷியின் நாட்குறிப்பு அல்ல. அவை ஏற்கெனவே ஒருவரை நோக்கி அனுப்பப்பட்டவை.

கவிதைகளின் இலக்கணமும் இதையே சொல்கிறது. சிவரமணியின் ‘நான்’ பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பெண்ணிய நோக்கில் அது அவசியமான பேச்சு. தன்னை வரையறுக்கும் உரிமையை எவருக்கும் தராத அந்தக் குரல் ஈழத்துக் கவிதைக்குப் புதிதாக இருந்தது. ஆனால் அந்த ‘நான்’ தனியே நிற்பதில்லை. அதன் எதிரே எப்போதும் ஒரு ‘நீங்கள்’ இருக்கிறது. ‘அவமானப்படுத்தப்பட்டவள்’ என்ற கவிதை முழுக்க முழுக்க முன்னிலையில் எழுதப்பட்டது. தனக்குச் சட்டகம் போடுகிறவர்களை நேரே பார்த்து, உங்கள் அளவுகளுக்குள் நான் அடங்கமாட்டேன் என்று சொல்கிற கவிதை அது. இன்னொரு கவிதையில், நடப்பவை எல்லாவற்றையும் வழமையாக ஏற்றுக்கொண்டு உறங்கிப்போகும் ஒரு சூழலின் நடுவே தன் நம்பிக்கைகள் தோற்றுக்கொண்டிருப்பதை அறிவிக்கிறார். யுத்தகால இரவைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையிலும் அவர் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. கேள்வி கேட்காமலிருக்கப் பழகிவிட்ட, தடியைத் துப்பாக்கியாக்கி விளையாடுகிற சிறுவர்களை நமக்குக் காட்டுகிறார். பாருங்கள், இது உங்கள் பிள்ளைகளுக்கு நடக்கிறது என்று சொல்வது போல இருக்கிறது அது.

முன்னிலையில் எழுதுவது பதிலை எதிர்பார்க்கும் செயல். கோபமாகப் பேசுகிறவர்கூடக் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறார். அந்த அர்த்தத்தில் சிவரமணியின் கோபக் கவிதைகளே அவருடைய நம்பிக்கைக் கவிதைகளும் ஆகும். நாம் செய்ததென்ன? அவர் முன்னிலையில் எழுதியதை எடுத்து அவரையே படர்க்கையாக்கிவிட்டோம். ‘நீங்கள்’ என்று அவர் விளித்த இடத்தில் நாம் இல்லை என்பது போல ஒதுங்கி நின்று, ‘அவர் என்ன சொல்கிறார் என்றால்’ என்று விளக்கம் எழுதினோம்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. எண்பதுகளின் ஈழத்துக் கவிதையில் சாவு என்பது பொதுச் சொல்லாகிவிட்டது. 1985இல் வெளிவந்த முக்கியமான தொகுப்பொன்றின் பெயரே ‘மரணத்துள் வாழ்வோம்’. அந்தப் பெயரில் பிழையேதும் இல்லை. அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது. ஆனால் எல்லாரும் மரணத்தைப் பற்றி எழுதும் ஒரு மொழியில், ‘எனக்கு வாழ முடியவில்லை’ என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னால் அது எப்படிக் கேட்கும்? அதுவும் காலத்தின் குரலாகவே கேட்கும். படிமம் நன்றாயிருக்கிறது என்று பாராட்டுவோம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்ட பின், நம்முடைய கவிதைகளிலும் கபனும் ஜனாஸாவும் நிறைந்தன. அவையும் நியாயமான சொற்களே. ஆயினும், சமூகத்தின் துயரைச் சொல்ல நாம் எடுத்த அதே சொற்களைத் தன் அறைக்குள் தனியே தவிக்கும் ஒரு பிள்ளையும் எடுக்கக்கூடும். அவ்வேளையில் இரண்டையும் பிரித்தறியும் காது நமக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

சிவரமணி கடைசியாக வாழ்ந்த மாதங்களை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 1989 செப்டெம்பர் 21இல், யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாடு மின்சாரம் இழந்தது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதற்குப் பின் ஆறரை மாதங்களுக்கு மேல் கழிந்தன. மே 19 வந்தது. சிவரமணியின் தோழியும் கவிஞருமான செல்வி 1991 ஓகஸ்ட் 30இல் புலிகளால் கொண்டு செல்லப்பட்டு, திரும்பி வரவேயில்லை.

வெளியேற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பதினேழு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலொன்றில் இருந்தபோது, பல மாதங்கள் பிந்தி, யாழ்ப்பாணத்தில் ஒரு கவிஞர் இறந்துபோன செய்தியை ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். அச்செய்தி எனக்குப் பெரிதாகப் படவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்களை அனுப்பிவிட்டு அங்கே இருந்தவர்களில் ஒருத்தி என்ற எண்ணமே முதலில் வந்தது. எங்கள் தெருவின் மௌனத்தைக் கண்டு அங்கே சிலர் மூச்சு முட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசிக்கும் வயதும் மனநிலையும் எனக்கு இருக்கவில்லை. எல்லாம் வழமையாகிப்போகும் சூழலைப் பற்றிய அந்தக் கவிதையை வருடங்கள் கழித்துப் படித்தபோதுதான், அந்த மௌனத்தால் வெளியே தள்ளப்பட்டவர்கள் நாங்கள் என்றும், அதே மௌனத்துக்குள் அடைபட்டவர்களும் இருந்தார்கள் என்றும் விளங்கியது.

இதனால், ‘போர்தான் சிவரமணியைக் கொன்றது’ என்று சொல்லிவிடலாமா? பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அது அரைகுறை விளக்கம். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போருக்கும் தற்கொலைக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்து 1995இல் எழுதினார். போர் உக்கிரமடைந்த காலத்தில் வடக்கில் தற்கொலை வீதம் உயரவில்லை, குறைந்தது என்பதே அவர் கண்டது. பொது ஆபத்து மனிதரை ஒருவரோடொருவர் கட்டிவைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. இதிலிருந்து நான் எடுப்பது இதுதான்: அந்தக் கட்டுக்குள் நிற்க முடியாதவருக்கு, எல்லாரும் ஒன்றாகச் சேரும் வேளை இரட்டிப்புத் தனிமையாக அமையலாம். ஊரே ஒரு குரலில் பேசும்போது வேறு குரலில் பேசுகிறவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. சிவரமணியின் மனதுக்குள் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் காரணத்தை முழுவதுமாகப் போரின் தலையில் கட்டிவிட்டால், பக்கத்தில் இருந்தவர்கள் என்ற நமது பொறுப்பு காணாமற் போய்விடுகிறது.

அடுத்தது அந்த ‘முடிவு’ பற்றிய பேச்சு. தன் அடையாளங்களைக் கைக்கு எட்டியவரை அழித்துவிட்டதாகவும், எஞ்சியது ஏதுமிருந்தால் அதையும் அழித்துவிடும்படியும் அவர் எழுதிவைத்துச் சென்றார். இதைத் தெளிந்த மனதின் கலகமாக, இறுதி எதிர்ப்பாக, ஏறத்தாழ ஒரு கவிதையாகவே போற்றி எழுதியவர்கள் உண்டு. இந்தப் போற்றுதலை நாம் மறுக்க வேண்டும். இது அழகியல் சார்ந்த மறுப்பு மட்டுமல்ல. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. அதன்பின் மிகக் கொடிய விவசாயக் கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. இருபது வருடங்களில் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்த வருடங்களில் இலங்கையருடைய துயரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு நேரத்தைக் கடக்க முடிந்தவர்களில் மிகப் பலர் வாழ்ந்துவிட்டார்கள் என்பதே இதன் பொருள். முடிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஓர் இரவின் அலை. அதை மாற்ற முடியாத தீர்மானமாகவும், அதிலே ஒரு மகத்துவம் இருப்பதாகவும் எழுதுகிற விமர்சனம், இன்று அதே அலையில் நிற்கும் ஒரு வாசகனுக்கு எதைக் கொடுக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

அப்படியொரு வாசகனை எனக்குத் தெரியும். இனி என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் மீளக் குடியேறிய குடும்பமொன்றின் பிள்ளை, பல்கலைக்கழக மாணவன், தன் கவிதைகளை எனக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பத் தொடங்கினான். என்னிடம் மட்டுமல்ல, வேறு இரண்டு மூன்று எழுத்தாளர்களுக்கும், முகம் தெரியாத சிலருக்கும் அனுப்பி வந்தான் என்று பின்னர் அறிந்தேன். ஓர் இரவு பன்னிரண்டு மணி தாண்டி, “சேர், நித்திரையா?” என்று ஒரு வரி வந்திருந்தது. அதன் கீழே ஒரு கவிதை. காலையில் சுபஹுக்குப் பின் பார்த்தேன். கிணறு, கயிறு, தூக்கம் என்று போகிற கவிதை. நல்ல கட்டு. இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினேன். கடைசி இரண்டு வரிகள் விளக்கமாகிவிட்டன, அவற்றை எடுத்துவிட்டால் கவிதை இறுகும் என்று எழுதினேன். அடுத்த இதழுக்குப் பரிந்துரைப்பதாகவும் சொன்னேன். அந்த இரண்டு வரிகளில்தான் அவன் நேரடியாக, ‘நீங்கள் யாராவது கேட்கிறீர்களா’ என்ற பொருள்பட எழுதியிருந்தான்.

மூன்றாம் நாள் அவன் வைத்தியசாலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான். வீட்டார் வெளியே ‘காய்ச்சல்’ என்றுதான் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். அவன் என்னோடு கோபப்படவில்லை. “நீங்கள் பிழை திருத்தி அனுப்பின நேரம், நான் இன்னும் கொஞ்சம் வடிவா எழுதியிருக்க வேணும் எண்டு நினைச்சனான் சேர்” என்றான். முப்பது வருட எழுத்து வாழ்க்கையில் நான் பெற்ற விமர்சனங்களில் இதைவிடக் கடுமையானது எதுவுமில்லை.

அந்தப் பிள்ளை முன்னிலையில் எழுதினான். நான் படர்க்கையில் வாசித்தேன். எனக்கு அனுப்பப்பட்டதை இலக்கியத்துக்கு அனுப்பப்பட்டதாக எடுத்துக்கொண்டேன். சிவரமணியைப் பற்றி நான் மேலே சொன்ன குற்றச்சாட்டு முதலில் என்மீதே விழுகிறது.

நம் சமூகத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வருகிற பதில், அது ஹராம் என்பது. அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சட்டம் செயலைப் பற்றியது. எண்ணத்தோடு போராடிக்கொண்டு ஒருவரிடம் வந்து நிற்பவனிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லி அனுப்புவது பதிலாகாது. துன்பம் வந்ததற்காக மரணத்தை ஆசிக்க வேண்டாம் என்று தடுத்த நபிகளார் (ஸல்), அந்தத் தடையோடு நிறுத்திவிடாமல், அப்படிச் சொல்லாமல் இருக்கவே முடியாதவன் எதைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு துஆவையும் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை நாம் எல்லாரும் மத்ரசாவில் படித்திருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை ஓர் இலக்கிய வாசகனாகவே இங்கு குறிப்பிடுகிறேன். சூரா மர்யமில், பிரசவ வேதனையோடு பேரீத்த மரத்தடியில் தனியே நிற்கும் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தான் இறந்துபோயிருக்கக் கூடாதா, முற்றாக மறக்கப்பட்டுப்போயிருக்கக் கூடாதா என்று கதறுகிறார்கள். இறப்பதோடு நில்லாமல், நினைவிலிருந்தும் அழிந்துவிட வேண்டும் என்ற வேதனை அது. அந்தக் கதறலுக்கு வரும் மறுமொழியைக் கவனித்தால், அதில் கண்டனம் இல்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்ற கேள்வியும் இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் வருகிறது. காலடியில் நீர் ஓடுவது சொல்லப்படுகிறது. மரத்தை உலுக்கு, பழம் விழும், உண், பருகு என்று சொல்லப்படுகிறது. ஊராரை எப்படி எதிர்கொள்வது என்ற அடுத்த கவலைக்கும் வழி காட்டப்படுகிறது. நான் இங்கு எவரையும் எவரோடும் ஒப்பிடவில்லை. மறுமொழி சொல்லும் முறையை மாத்திரம் கற்றுக்கொள்ளலாம் என்கிறேன். மறக்கப்பட வேண்டும் என்று வேண்டியவரின் பெயரிலேயே அந்த அத்தியாயம் இருக்கிறது.

சிவரமணியின் நண்பர்கள், அழித்துவிடும்படி அவர் கேட்டதை அழிக்காமல் நூலாக்கியது சரியா என்று ஒரு விவாதம் உண்டு. இறந்தவரின் விருப்பத்தை மீறியது என்று அதைக் குறை சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வேதனையின் உச்சத்தில் ஒருவர் தன்னை அழித்துவிடும்படி கேட்டால், அந்தக் கேள்விக்கு மாத்திரம் கீழ்ப்படிவது மரியாதையாகாது. அதற்கு முன் பல வருடங்களாக அவர் நம்மைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கேள்விகளும் இருக்கின்றன. கவிதைகளை அச்சிட்டது, பிந்தியேனும், அந்தக் கேள்விகளுக்கு எழுதிய பதில். அதை முழுமையாக்குவது வாசகர்களாகிய நம் கையில் இருக்கிறது. அவருடைய கவிதைகளை இனி முடிவிலிருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டாம். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய ஒரு பெண்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன வரும் என்று தெரியாதவர்களாக, முன்னோக்கி வாசிப்போம். அப்போது அவற்றில் கேலியும், துணிவும், சிறுவர்கள் மேலுள்ள கவலையும், உலகத்தை மாற்றலாம் என்ற பிடிவாதமும் தெரியவரும். வாழ விரும்பிய ஒருவரின் கவிதைகளாக அவை தெரியும்.

இதழாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இளையவர்கள் அனுப்பும் எல்லா இருண்ட கவிதையும் அபாய அறிவிப்பு அல்ல. துயரை எழுதுவதே பலருக்குத் துயரைத் தாண்டும் வழி. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும். ‘மகன், இது கவிதையா, உங்களுக்கே இப்படி இருக்குதா? சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களா?’ என்று வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லும் விடயம். கேட்டது ஒருவகை விடுதலையாகவே பலருக்கு அமைகிறது. கேட்டபின் தனியே விடக்கூடாது. குடும்பத்தில் நம்பத்தக்க ஒருவரையும் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம். சுமித்ரயோ அமைப்பு 1974 முதல் இந்தப் பணியைச் செய்து வருகிறது. பொலிஸ், வழக்கு என்று பயந்து மறைக்கத் தேவையில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

அந்த மாணவன் இப்போது படிப்பை முடித்துவிட்டான். மருந்தும் எடுக்கிறான், எழுதவும் செய்கிறான். சில நாட்கள் கஷ்டமாக இருக்கும் என்று சொல்வான். அன்றைய கவிதையை நான் எந்த இதழுக்கும் கொடுக்கவில்லை. நான் வெட்டச் சொன்ன கடைசி இரண்டு வரிகளோடு அது என்னிடம் இருக்கிறது. இப்போதும் சில இரவுகளில் “சேர், நித்திரையா?” என்று வரும். “இல்லை மகன், சொல்லுங்கோ” என்று எழுதுகிறேன். கவிதை வந்தால் அதைப் பிறகு பார்க்கலாம்.